மூன்றாவது ‘க’

என் மனைவி ‘சேட்டா’ என்று கூப்பிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்ப்போம். ஒருவன் நான், குணசீலன், அவளைக் கட்டியவன். இன்னொருவன் பினு, அவளுடைய அப்பாவின் அக்கா மகன். எங்கள் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு பெண் தன் புருஷனை அண்ணன் என்று கூப்பிட்டால் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இங்கே பாறசாலைப் பக்கத்தில் அண்ணனும் சேட்டன்தான், புருஷனும் சேட்டன்தான். கல்யாணமான புதிதில் ரீனா என்னை அப்படிக் கூப்பிட்டபோது வேடிக்கையாக இருந்தது, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. பினு ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து எங்களோடு சாப்பிட உட்கார்ந்த அன்றுதான் திக்கென்றது. ‘சேட்டா, மீன் வைக்கட்டா?’ என்று அவள் கேட்டாள். நான் தட்டை நீட்டினேன். மீன் அவன் தட்டில் விழுந்தது.

புலம்பெயர்ந்தவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் துபாயிலும் கனடாவிலும் இருக்கிற நண்பர்கள் கேலி செய்கிறார்கள். விசா உண்டா, விமானம் ஏறினாயா என்று கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை. சாத்தூரில் விடியற்காலை பஸ் ஏறி, திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் மாறி, களியக்காவிளையைத் தாண்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் குன்னத்துகால் வந்துவிடலாம். ஆனால் அந்த அரைநாள் பயணத்தில் கரிசல் மண் செம்மண்ணாகிறது, வேலிமுள் ரப்பர் மரமாகிறது, வாயில் இருக்கிற சொல்லுக்கு அர்த்தம் மாறிப்போகிறது. வந்த புதிதில் வெள்ளறடைக்குப் போகிற ஆட்டோவில், டிரைவர் என் நாடு, அதாவது சொந்த ஊர், எங்கே என்று விசாரித்தார். சாத்தூர் பக்கத்தில் ஒரு பட்டி என்றேன். ‘பட்டியா?’ என்று திரும்பிப் பார்த்தார். ‘ஆமாம், எங்கள் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் பட்டிதான்’ என்று பெருமையாகச் சொன்னேன். பட்டி என்றால் இங்கே நாய். அவர் அன்று முழுக்க யாரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாரோ தெரியாது.

நான் சிவகாசி நோட்டுப் புத்தகங்களையும் தினசரிக் காலண்டர்களையும் எல்லையோரக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். குன்னத்துகாலில் ரீனாவின் அம்மா வைத்திருக்கிற பேனா, பேப்பர் கடைக்கு நோட்டு போட வந்த இடத்தில்தான் பெண் கிடைத்தது, அவர்கள் வீட்டிலேயே தங்கியும்விட்டேன். ரீனா நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். இவர்கள் வீட்டுக்குள் பேசுவது தமிழ்தான், விளவங்கோட்டுத் தமிழ். வாசலில் ஒருவர் வந்து நின்றால் மூச்சுவிடுகிற நேரத்தில் மலையாளத்துக்கு மாறி, அவர் போனதும் திரும்பி வந்துவிடுவார்கள். ஆனால் எழுத்து என்று வந்தால் எல்லோருக்கும் மலையாளம் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது அது. அதனால் ரீனா இந்தக் கட்டுரையைப் படிக்கமாட்டாள். பினுவும் படிக்கமாட்டான். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பினுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிக் கடையில் இருக்கிறான். உயரம், நல்ல குரல், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ரீனாவுக்கு எந்தக் கரை போட்ட சேலை பொருந்தும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கொண்டுவந்த சேலையைக் கட்டிக்கொண்டு அவள் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போகிறாள். நான் எடுத்துக்கொடுத்தது பீரோவில் தூங்குகிறது. எங்கள் ஊர்க் கணக்கில் அவன் அத்தை மகன். அத்தை மகன் என்றால் உரிமைக்காரன், பெண்ணை வேறு இடத்தில் கொடுப்பதற்கு முன்னால் அவனைக் கேட்டாக வேண்டும். இதை ரீனாவிடம் ஒருநாள் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

‘அய்யோ, அவிய எனக்குச் சேட்டனாக்கும்’ என்றாள்.

‘நானும் சேட்டன்தானே?’

‘அது வேற சேட்டன்.’

எந்தச் சேட்டன் எது என்று வெளியே இருக்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் சொல்லவில்லை. எனக்குப் பொறாமை இருந்தது என்று நாசூக்காகச் சொல்லப்போவதில்லை. சோறு இறங்காத பொறாமை. அவன் வருகிற பைக் சத்தம் ரப்பர்த் தோட்டத்து வளைவில் கேட்டாலே என் முகம் எனக்குத் தெரியாமலே மாறிவிடும்.

அந்தப் பொறாமைக்கு ஞாயிறுதோறும் தீனி போட்டது ஒரு விளையாட்டு. இவர்கள் அதைப் பேருகளி என்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு முடித்ததும் முன்னறையில் வட்டமாக உட்காருவார்கள். எழுத்து வரிசைப்படி போகவேண்டும். ஒரு எழுத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பெயர். நாலு பேருக்குத் தெரிந்த ஆளாக இருக்கவேண்டும்: நடிகர், மந்திரி, பந்து விளையாடுகிறவர், யாராகவும் இருக்கலாம். அல்லது கதையிலோ சினிமாவிலோ வருகிற ஆளாக இருக்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. எழுத்து தப்பினாலும், ஆள் யாரென்று மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் அவுட். மாமியாரும் விளையாடுவார், நடுவரும் அவர்தான். ரீனாவும் பினுவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் நடந்துபோகிற வழியெல்லாம் இதை விளையாடியிருக்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு பெயரைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கும், அதற்கு ஒரு சிரிப்பு இருக்கும். நான் அந்தச் சிரிப்புக்குப் பிறகு வந்தவன். எந்த நடிகர், எந்த மந்திரி என்று இங்கே எழுதவில்லை. ஒருவர் பெயரை எழுதினால் இன்னொருவருடைய ரசிகர் சண்டைக்கு வருவார்.

இந்த விளையாட்டு எனக்குப் புதிதில்லை. சாத்தூரில் என் இரண்டு தங்கைகளோடு இதையே விளையாடியிருக்கிறேன், பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு. அங்கே நான் ராஜா. ‘க’ என்று வந்துவிட்டால் என்னை அசைக்க முடியாது. தமிழில் ‘க’ ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். கண்ணன் என்கிறபோது வருகிற ஒலியும் அதில் இருக்கும், குரு என்கிறபோது வருகிற ஒலியும் அதில் இருக்கும், எல்லோருக்கும் ஒரே வாசல். தங்கைகள் அழுது அம்மாவிடம் போகிறவரை பெயர்களை எடுத்து விட்டுக்கொண்டே இருப்பேன். அந்தத் தெம்பில்தான் முதல் ஞாயிறு இங்கே உட்கார்ந்தேன். உயிரெழுத்துகள் சுலபமாகப் போயின. ‘க’ வந்தது. எங்கள் ஊரில் மூன்று தலைமுறைக்குத் தெரிந்த ஒரு பழைய நடிகரின் பெயரை மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

மாமியார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். ‘அது இந்த ‘க’ இல்ல மக்கா. அது மூணாவது ‘க’. பொறவு வரும்.’

மலையாளத்தில் அந்தக் குடும்பம் பாகம் பிரிந்து நாலு வீடாக நிற்கிறது. கண்ணன் முதல் வீட்டுக்காரன், குரு மூன்றாவது வீட்டுக்காரர். ஒருவர் வீட்டில் இன்னொருவர் நுழைய முடியாது. உயிரெழுத்தைத் தாண்டிய முதல் எழுத்திலேயே நான் அவுட். பினு என் தோளைத் தட்டி, ‘சாரமில்ல அளியா’ என்றான். சாரமில்ல என்றால் பரவாயில்லை, அளியன் என்றால் மச்சான். ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் சரியான ‘க’வில் பெயர் சொன்னால் ‘அது ஆராக்கும்?’ என்றார்கள். எங்கள் பக்கத்தில் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற முகம் இங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எனக்கே அலுத்துப்போய், ‘க’ வந்ததும் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லித் தோற்றுவிட்டு, வெளியே இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே நடக்கப் போய்விடுவேன். மூன்று வருடமாக இதுதான் என் ஞாயிற்றுக்கிழமை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ‘க’ என்றதும் எனக்குள் ஒரு ஆசை எழும். என் பெயரும் அதில்தானே இருக்கிறது. ரீனா விளையாட்டுக்காகவாவது, சிரிப்புக்காகவாவது, ஒருதடவை என் பெயரைச் சொல்லக்கூடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். அவள் ஒவ்வொரு முறையும் ஒரு நடிகையையோ பந்தாட்டக்காரனையோ சொன்னாள். நான் தோற்று வெளியே போன சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெரிய சிரிப்புக் கேட்கும். தவறாமல் கேட்கும். பினுவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். நான் போனதும் இவர்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைத்து, இன்னும் நாலு மரம் தள்ளிப்போவேன்.

போன மாதம் ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். எங்கள் கம்பெனியின் மலையாளக் காலண்டரை வைத்துக்கொண்டு பத்து நாளாக எழுத்துகளைப் படித்திருந்தேன். முந்தின வாரம் விருந்தாளி வந்து விளையாட்டு பாதியில் நின்றிருந்ததால், விட்ட இடத்திலிருந்து ‘ய’வில் எல்லோரும் புதிதாகத் தொடங்கினோம். ‘ய’வைத் தாண்டிவிட்டேன். அடுத்தது ‘ர’. இதற்குத்தான் காத்திருந்தேன். நாலு பேருக்குத் தெரிந்த ஆள்தானே வேண்டும், குன்னத்துகாலில் பாதிப்பேருக்கு ரத்தம் எடுத்தவளைவிடத் தெரிந்த ஆள் யார்? அவளைப் பார்த்துக்கொண்டே ‘ரீனா’ என்றேன்.

அவள் முகம் சிவந்தது. மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: ‘ஆளு கெடக்கட்டு மக்கா. எழுத்தே தப்பு. அவ பேருக்கு ‘ற’யாக்கும். அது கடைசி எழுத்து.’

எனக்கு விளங்கவில்லை. சொல்லுக்கு முதலில் ‘ற’ வராது என்று எங்கள் தமிழ் ஐயா பிரம்பால் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ‘வல்லின ‘ற’விலா பெயர் தொடங்கும்?’ என்று கேட்டேன். ‘ஆமா, றீனா’ என்று அவளே உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். கல்யாணப் பத்திரிகையிலும், ரேஷன் கார்டு மனுவிலும், என் போனிலும் மூன்று வருடமாக நான் எழுதிவைத்திருப்பது ‘ர’. என் மனைவியின் பெயரை அவள் எழுதுகிற மாதிரி எழுத என் மொழி விடாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவுட் ஆனாலும் அன்று நான் வெளியே போகவில்லை. கடைசிவரை இருந்தேன். கடைசியில் பினு மட்டும் மிஞ்சி, ‘ற’ வந்ததும், ஜெயித்த சந்தோஷத்தில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, ‘றீனா’ என்றான். ‘அது சரியான எழுத்து’ என்று மாமியார் கைதட்டினார். ரீனாவும் சிரித்தாள். அவன் வாயில் அந்தப் பெயர் எவ்வளவு சரியாக இருந்தது என்று நினைத்து நினைத்து எனக்குக் காது சுட்டது. மறுநாள் காலை சிவகாசிக்குப் போன் போட்டு, என்னை ஊர்ப்பக்கமே மாற்றிவிடுங்கள், குடும்பத்தோடு வந்துவிடுகிறேன் என்று முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். ரீனாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை அவள் வேலையிலிருந்தும் அம்மாவிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறேன், காரணம் ஒரு எழுத்து என்று எப்படிச் சொல்வது?

இரண்டு வாரத்தில் அண்ணாச்சி நேரில் வரச்சொன்னார். சரக்குப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொன்னேன். பாறசாலை பஸ் நிறுத்தம்வரை பினுவே பைக்கில் கொண்டுவிட்டான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிக் கேட்டான்.

‘அளியா, ஒரு காரியம் கேக்கட்டா? ‘க’யில தோத்த ஒடனே நீங்க வெளிய எறங்கிப் போறது எதுக்கு?’

‘காற்று வாங்கத்தான்.’

‘கொஞ்சம் இருந்தா றீனா தோக்கத பாக்கலாம். எல்லா ஞாயிறும் அவ ஒரே எடத்திலயாக்கும் தோக்கது. மூணாவது ‘க’யில. வேற நூறு பேரு உண்டு, நான் மெதுவா சொல்லியும் குடுப்பேன். கேக்க மாட்டா. குணசீலன்னு சொல்லுவா. அது ஆருக்கும் தெரியாத ஆளு, கணக்கில சேராதுன்னு மாமி சொல்லுவாவ. அதுக்கு றீனா, சாத்தூருல போய்க் கேட்டுப் பாருங்க, பேமஸ் ஆளாக்கும்னு சொல்லிட்டு, எந்திச்சுச் சாயா போடப் போயிருவா. நாங்க சிரிச்சுச் சிரிச்சு வயறு வலிக்கும்.’

ரயில் போயிற்று. கேட் திறந்தது. அவன் வண்டியை எடுத்தான். என் பெயர் மூன்றாவது வீட்டுக்காரன் பெயர் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. என்னை எல்லோரும் கூப்பிடுகிறது அந்த ஒலியில்தான், ஆனால் எழுதும்போது ‘க’ என்று எழுதியே பழகியவனுக்கு அது தோன்றவில்லை. முதல் வாசலில் நின்றுகொண்டு, என்னை யாரும் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டேன். அவள் மூன்றாவது வாசலில் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நீங்கள் நினைப்பதுபோல் எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. மூன்று வருடம், ஞாயிறு தவறாமல், அவள் வாயால் என் பெயர் வந்திருக்கிறது. வீட்டில் என்னைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே கிடையாது. அத்தனை தடவையும் அதைக் கேட்டுச் சிரித்து அனுபவித்தவன் இவன். எனக்குச் சேரவேண்டியதை இவன் காதில் வாங்கி வைத்திருக்கிறான் என்று, அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே எரிந்தேன்.

சிவகாசியில் அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். ‘இடம் ரெடியா இருக்குப்பா. எப்ப வர்ற?’ என்றார்.

‘ஒரு வாரம் டைம் வேணும் அண்ணாச்சி. வீட்டில கேக்க வேண்டிய காரியம் உண்டு’ என்றேன்.

‘என்ன காரியம் உண்டு? ஏண்டா, முழு மலையாளத்தானா ஆயிட்டியா?’ என்று அவர் சிரித்தார், பக்கத்து மேஜைக் கணக்கரும் சிரித்தார். குன்னத்துகாலில் கடைத்தெருவில் நான் வாயைத் திறந்தால் ‘பாண்டிக்காரன் வந்தாச்சு’ என்று, தமிழனுக்கு இங்கே வைத்திருக்கிற கேலிப்பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டு பக்கத்துச் சிரிப்பும் எனக்கு இப்போது ஒரே மாதிரிதான் கேட்கிறது.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் ‘க’வில் வேண்டுமென்றே தோற்றேன். வழக்கம்போல் எழுந்தேன். பினு என்னைப் பார்த்தான். வெளியே வந்து, மரங்களுக்குப் போகாமல் சுவரோரமாகச் சுற்றி முன்னறை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். சொந்த மாமியார் வீட்டு ஜன்னலில் ஒட்டுக்கேட்கிற நிலைமை வந்ததே என்று வெட்கமாகத்தான் இருந்தது. மத்தியான வெயில் தலையில் இறங்கியது. இரண்டாவது ‘க’வில் ஆள் கிடைக்காமல் திணறி, எப்படியோ மூன்று பேரும் தப்பினார்கள். மூன்றாவது வந்தது. பினு ஒரு மந்திரியைச் சொன்னான். மாமியார் ஒரு பழைய பாடகியைச் சொன்னார். அடுத்தது ரீனாவின் முறை. என் தலை தெரிந்துவிடுமோ என்று இன்னும் குனிந்துகொண்டேன்.

‘குணசீலன்’ என்றாள் ரீனா.

எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரை அவ்வளவு முழுதாகச் சொன்னதில்லை. முதல் எழுத்தில் ஒரு அழுத்தம், நடுவில் ஒரு நீளம், பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிறபோது டீச்சர் சொல்வதுபோல். பினு சிரிக்கத் தொடங்கினான். மாமியார், ‘எழுத்து சரி மக்கா. ஆளை ஆருக்குத் தெரியும்?’ என்றார். ‘எனக்குத் தெரியும்’ என்றாள் ரீனா. ‘ஒனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாது பிள்ளே, நாலு பேருக்குத் தெரியணும்’ என்றார் மாமியார். அவள் எழுந்து போகிற கொலுசுச் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை அண்ணாச்சிக்குப் போன் செய்து, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டியதை இங்கே எழுதத் தேவையில்லை. ரீனாவிடம் எதையும் சொல்லவில்லை, ஜன்னலையும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரம் அவள் வெட்கப்பட்டு வேறு யாரையாவது சொல்லிவிடுவாள். பினு மேல் இருந்த பொறாமை குறைந்திருக்கிறது, போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போது எனக்குப் பொறாமை வேறு ஒருவன் மேல். ஞாயிறுதோறும் நான் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்கும்போது, அவன் அந்த முன்னறையில், அவளுடைய எழுத்தில், அவள் வாயில் இருக்கிறான். யாருக்கும் தெரியாதவன் என்று எல்லோரும் அவனைத் தள்ளுகிறார்கள், அவள் மட்டும் தெரியும் என்கிறாள். அவன் பெயரும் குணசீலன்தான்.